யாழ்ப்பாணத்தின் பொதுவெளிகளும் அவற்றின் அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோட்டையருகே உள்ள முற்றவெளி மைதானத்தைப் பற்றியோ சந்திகளில் நடக்கும் கவனயீர்ப்புப் போராட்டங்களைப் பற்றியோ பேச்சு எழும்போதெல்லாம், மாணவர்களும் கடை வைத்திருப்பவர்களும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து போகும் உறவினர்களும் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லி வந்த விடைகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். சில விடைகள் நீளமானவை, விடயம் அப்படி.

யாழ்ப்பாணத்தில் நகரச் சதுக்கம் என்று சொல்லக்கூடிய இடம் இருக்கிறதா?

நாற்புறமும் கட்டடங்கள் சூழக் கல் பாவிய ஐரோப்பியச் சதுக்கம் போன்ற ஒன்று இங்கே இல்லை. தந்தை செல்வாவின் நினைவுத்தூபி நிற்கும் இடத்தைச் சதுக்கம் என்று அழைக்கிறோம். ஆனால் ஒரு சதுக்கம் செய்ய வேண்டிய வேலையை இந்த நகரத்தில் பல இடங்கள் பங்கிட்டுச் செய்து வந்திருக்கின்றன. கோட்டைக்கு அருகே உள்ள முற்றவெளி, கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் வாசல், மத்திய பேருந்து நிலையத்தின் முன்பகுதி, நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் வீதிகள், திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பரமேஸ்வராச் சந்தி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை.

இவற்றோடு ஊர்கள்தோறும் உள்ள வாசிகசாலைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. சாய்வான மரப்பலகையில் பத்திரிகை விரிக்கப்பட்டிருக்க, கண்ணாடி போட்ட ஒருவர் உரத்து வாசிக்க, வாங்கில் இருக்கும் மற்றவர்கள் இடைமறித்துக் கேள்வி கேட்க, ஆசிரியத் தலையங்கத்தை வாசித்து முடிப்பதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும் அந்தச் சிறிய மண்டபம், பொதுக்கூட்டத்துக்கு ஆட்களைத் தயார்ப்படுத்திய இடம். முற்றவெளிக்கு வந்து அமர்ந்தவர்களிற் பலர் தங்கள் ஊர் வாசிகசாலையில் ஏற்கனவே வாதாடிவிட்டு வந்தவர்கள்.

சதுக்கத்தில் கூடி அரசியல் பேசுவது மேல்நாட்டு வழக்கம் அல்லவா?

இல்லை. ஏதென்ஸ் நகரத்து அகோராவையும் உரோமாபுரியின் போரத்தையும் பாடப்புத்தகங்களில் படித்த பழக்கத்தால் அப்படித் தோன்றுகிறது. மன்றம், பொதியில், அம்பலம் என்ற சொற்கள் தமிழில் மிகப் பழையவை; சதுக்கம் என்ற சொல்லும் அப்படியே. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் இருந்ததாகச் சொல்கிறது: வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூதச் சதுக்கம், பாவை மன்றம். இவை ஒவ்வொன்றும் நகர மக்களின் நடத்தையோடும் நீதியோடும் தொடர்புபடுத்தப்பட்டிருக்கின்றன. பாவை மன்றத்துப் பாவை, அரசனின் கோல் திறம்பினாலும் நடுவுநிலை பிறழ்ந்தாலும் வாய் திறவாமல் கண்ணீர் வடிக்கும் என்று அந்தக் காதை கூறுகிறது. ஆட்சியாளரின் தவறு அரண்மனைக்குள்ளே புதைந்துவிடாமல் பொது இடத்திலே தெரியவர வேண்டும் என்ற எண்ணம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் சொல்லப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே காதையில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த இடைநிலத்தில் நாளங்காடி கூடுவதும் வருகிறது. வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த பகுதிக்கும் அரசரும் உயர்குடியினரும் வாழ்ந்த பகுதிக்கும் இடைப்பட்ட அந்த நிலத்தை, இரு பெரு வேந்தர் பொருத வந்து நிற்கும் போர்க்களத்துக்கு உவமிக்கிறார் இளங்கோ. சந்தை நடக்கும் இடத்துக்குப் போர்க்களத்தை ஏன் உவமை சொன்னார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இரண்டு தரப்பு மக்கள் நேருக்கு நேர் வந்து நிற்கும் நிலம் அது என்பதே நான் கொள்ளும் விளக்கம்.

முற்றவெளி எப்படி வெளியாக எஞ்சியது?

போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் பெருப்பித்துக் கட்டினார்கள். அத்தகைய கோட்டைக்கு முன்னால் வீடும் மரமும் மதிலும் இருக்கக்கூடாது. நெருங்கி வரும் எதிரி ஒளிந்துகொள்ள மறைவு கிடைக்கக்கூடாது என்பதும், பீரங்கியிலிருந்து பார்ப்பவருக்கு நிலம் முழுவதும் வெளித்துத் தெரிய வேண்டும் என்பதும் அதன் காரணம். ஆகவே நகரம் தள்ளி வளர்ந்தது. நடுவிலே நிலம் வெறுமையாக நின்றது. 1795இல் கோட்டை பிரித்தானியர் கைக்கு வந்த பின்னரும் அந்த நிலம் பெரும்பாலும் வெறுமையாகவே தொடர்ந்தது.

மக்கள் பாதுகாப்பாகக் கூட வேண்டும் என்று எண்ணி எந்த ஆட்சியும் இந்த வெளியை ஒதுக்கவில்லை. மக்களைக் குறிவைக்க வசதியாக ஒதுக்கப்பட்ட நிலத்தில் பிற்காலத்து மக்கள் வந்து கூடினார்கள். முற்றவெளியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பின்னர் வெளியின் விளிம்புகளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம், முனியப்பர் கோவில், வீரசிங்கம் மண்டபம், 1959இல் திறக்கப்பட்ட பொதுநூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, அண்மைக் காலத்தில் இந்திய நன்கொடையில் எழுந்த பண்பாட்டு மையம் எனக் கோவிலும் நூலகமும் அரங்கும் மைதானமும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் அமைந்துவிட்டதால், ஒன்றுக்கு வந்தவர் மற்றொன்றுக்கும் போகும் வாய்ப்பு உண்டாயிற்று. எந்தத் திட்ட வரைபடமும் இல்லாமல் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நகர மையம் கிடைத்தது இப்படித்தான்.

வெறும் மைதானம் எப்படி அரசியல் இடமாகிறது? கூட்டம் எங்கே நடந்தால் என்ன?

எங்கே நடக்கிறது என்பது மிக முக்கியம். கொழும்பின் காலிமுகத்திடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில், தந்தை செல்வா எனப்பட்ட செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தார்கள், குண்டர்களால் தாக்கப்பட்டார்கள். அப்போது பாராளுமன்றம் அந்தத் திடலின் ஓரத்திலேயே இருந்தது. இளைஞராயிருந்த அமிர்தலிங்கம் தலையிற் காயக்கட்டோடு சபைக்குள் போகக்கூடிய தூரம். 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்கு, தியவன்னா ஓயாவின் நடுவே நீர் சூழ்ந்த ஒரு தீவுக்கு இடம் மாறியது. அங்கே எதிரே திடல் இல்லை. வாசலுக்குப் போகும் வீதியை மறித்துவிட்டால் ஆள் நெருங்க முடியாது.

பழைய பாராளுமன்றக் கட்டடம் ஜனாதிபதி செயலகமாயிற்று. 2022 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜனாதிபதி பதவி விலக வேண்டும் என்று கோரி இளைஞர்கள் கூடாரம் அடித்த இடம் அந்தச் செயலகத்தின் வாசல்தான். ஜூலை நடுப்பகுதியில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகும்வரை அவர்கள் அங்கே இருந்தார்கள். 66 ஆண்டுகளுக்கு முன் தமிழர் அடிபட்ட அதே புல்வெளியில், அந்த ஆண்டு மே 18ஆம் திகதி, போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்காக விளக்கேற்றிக் கஞ்சியும் பகிர்ந்தார்கள். வடக்கில் நாங்கள் பலரும் அந்தப் போராட்டத்தைத் தூரத்தில் நின்றே பார்த்தோம். எங்கள் துயரத்துக்கு அங்கே இடமிருக்குமா என்ற ஐயம் நியாயமானது. ஆனாலும் அந்த விளக்குகளை நான் சிறிதாக மதிக்கவில்லை.

இடம் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. வீட்டில் தனியாக அச்சப்பட்டுக்கொண்டிருப்பவர், தன்னைப் போல் எண்ணுபவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய மாட்டார். வெளியில் வந்து நின்றால் அவரும் மற்றவர்களைக் காண்கிறார், மற்றவர்களும் அவரைக் காண்கிறார்கள். பொலிஸாரும் இருவரையும் காண்கிறார்கள். பஹ்ரைன் அரசு 2011 மார்ச் மாதத்தில் மக்கள் கூடிய முத்துச் சுற்றுவட்டத்தை, அதன் நடுவிலிருந்த தூணோடு சேர்த்து இடித்தே தள்ளியது. கூட்டத்தைக் கலைத்த பிறகும் வெற்றிடத்தைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், இடத்துக்கு உள்ள வலுவைப் பற்றி நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

1961 சத்தியாக்கிரகம் ஏன் கச்சேரியில் நடந்தது, முற்றவெளியில் நடக்கவில்லை?

நோக்கம் வேறு. முற்றவெளியில் கூடுவது கருத்தைக் காட்டுவதற்கு. கச்சேரி வாசலில் அமர்வது நிர்வாகத்தை நிறுத்துவதற்கு. 1961 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய அந்தப் போராட்டத்தில் தொண்டர்கள் வாசலில் அமர்ந்து, சிங்களத்தில் நடத்தப்படவிருந்த அரச அலுவல்களை நடக்கவிடாமற் செய்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதம் அது நீடித்தது. பெண்கள் பெருந்தொகையாக வந்து அமர்ந்தார்கள். ஏப்ரல் மாதத்தில் தமிழரசுக் கட்சி தானே அஞ்சற் சேவை நடத்தி முத்திரை வெளியிட்டதும், அரசு அவசரகாலநிலையைப் பிறப்பித்து, இராணுவத்தைக் கொண்டு வாசலை மீட்டது.

1984இல் அன்னையர் முன்னணியினர் கைதான பிள்ளைகளைக் கேட்டுப் போனதும் கச்சேரியிலிருந்த அரசாங்க அதிபரிடந்தான். அதிகாரம் எந்தக் கதிரையில் இருக்கிறதோ அந்தக் கதிரையின் வாசலுக்கே போக வேண்டும் என்ற அறிவு இந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகவே இருந்தது.

1974 ஜனவரியில் முற்றவெளியருகே நடந்தது என்ன?

நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10ஆம் திகதி இறுதிப் பொதுக்கூட்டத்துக்கு வந்த சனம் வீரசிங்கம் மண்டபத்துக்குள் அடங்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே மேடை அமைக்கப்பட்டது. மக்கள் வீதியிலும் முற்றவெளியிலும் அமர்ந்தார்கள். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பொலிஸார் புகுந்தார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது, மின்கம்பி அறுந்து சனத்தின்மேல் வீழ்ந்தது. 9 பேர் இறந்தார்கள்.

அங்கே கூடியவர்கள் ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்கள் அல்லர். பட்டுவேட்டியும் சேலையும் உடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அறிஞர்களின் பேச்சைக் கேட்க வந்த குடும்பங்கள். ஒரு தலைமுறை அந்த இரவிலிருந்து எதை விளங்கிக்கொண்டது என்பதைப் பிந்திய பத்தாண்டுகளின் வரலாறு காட்டுகிறது: தமிழாராய்ச்சிக்குக் கூடினாலும் பொது இடத்தில் நாங்கள் பாதுகாப்பாக இருக்க முடியாது என்று விளங்கிக்கொண்டவர்களில் ஒரு பகுதியினர் பொது இடத்தை விட்டு இரகசிய இடங்களுக்குப் போனார்கள். வெளிப்படையான அரசியலின் வாசல் மூடப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் எங்களுக்குத் தேவையில்லை.

1981 மே 31இல் நாச்சிமார் கோவிலடியில் நடந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தற் கூட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட வெறியாட்டத்தில் கடைகளும் பத்திரிகை அச்சகமும் எரிந்தன, சந்திகளில் நின்ற சிலைகள் உடைந்தன, ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிந்தது. எரிந்தவற்றின் பட்டியலைப் பாருங்கள்: கடை, அச்சகம், சிலை, நூலகம். நகரத்தில் தனியொருவருக்கு மட்டும் உரியதாக இல்லாத, எல்லோரும் வந்து போகும் இடங்களே அவற்றில் மிகுதி.

முற்றவெளியும் சந்திகளும் எப்போதாவது எல்லோருக்கும் திறந்திருந்தனவா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் நன்றி சொல்வதுண்டு. இதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் பேசினால் நாங்கள் எங்களையே ஏமாற்றிக்கொள்வோம்.

முற்றவெளியில் தமிழரின் உரிமை பற்றி முழங்கிய அதே காலத்தில், அந்த முழக்கத்தைக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் சாதியின் காரணமாகத் தேநீர்க்கடையில் மற்றவர்களோடு வாங்கில் இருந்து ஒரே பாத்திரத்தில் தேநீர் குடிக்க முடியாது. கோவில் வாசலைக் கடந்து உள்ளே போக முடியாது. சில ஊர்களில் பொதுக்கிணற்றில் அள்ள முடியாது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இவற்றைக் குற்றமாக்கிய பின்னரும் நிலைமை மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி இடதுசாரிகளின் தலைமையில் சாதி ஒடுக்குமுறைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸார் தடியடி நடத்தினார்கள். ஊர்வலத்தினர் கலையாமல் யாழ்ப்பாணம் வந்து முற்றவெளியில் கூட்டம் நடத்தினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டது தமிழரின் கையால்தான். 1956இல் காலிமுகத்திடலில் தாங்கள் அடிபட்டதை மறக்காத சமூகம், 12 ஆண்டுகளின் பின் தன் சொந்த வீதியில் அறவழியில் அமர்ந்திருந்தவர்களுக்குச் செய்தது இது. எங்கள் பொதுவெளிகளின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த இரண்டு சத்தியாக்கிரகங்களையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அடுத்தது 1990 ஒக்டோபர் 30. அன்று காலை விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்தார்கள். கூட்டம் என்று எண்ணிப் போனவர்களுக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்ற கட்டளையே கிடைத்தது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அதிகாரம் தன் கட்டளையை ஒரே தடவையில் அறிவித்து முடிப்பதற்கும் ஒரு மைதானம் உதவும். முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெரு வழியாகப் போகும்போது, கூரையில்லாமல் மரம் முளைத்து நிற்கும் வீடுகளை நெடுங்காலம் கண்டவன் நான். ஒரு சுவரில் பச்சை நிறச் சாயமும், அதில் பிள்ளையின் உயரத்தைக் குறித்து ஆணியாற் கீறிய கோடுகளும் இருந்தன. நான்காவது கோட்டோடு அவை நின்றிருந்தன.

அந்த ஆண்டுகளில் புலிகள் இயக்கத்துக்கு மாறான கருத்தைச் சொல்ல விரும்பிய தமிழருக்கும் முற்றவெளி திறந்திருக்கவில்லை. இதைச் சொல்வதால் அரசு செய்தவை சிறிதாகிவிடமாட்டா. பொதுவெளி யாருடையது என்று அளப்பதற்கு, அங்கே பெருங்கூட்டம் கூடியதா என்று பார்ப்பது போதாது. பெருங்கூட்டத்தோடு உடன்படாத பத்துப் பேர் அதே இடத்தில் அடுத்த நாள் கூட முடிந்ததா என்று பார்க்க வேண்டும்.

கோவில் வீதியைப் பொதுவெளி என்று கொள்ளலாமா?

ஓரளவுக்கு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அந்த வீதிகளில் வாகனம் ஓடாது. மணலில் அமர்ந்து கச்சான் உடைத்தபடி சனம் ஊர்க்கதை பேசும். ஆண்டு முழுவதும் காணாதவர்களைக் காணும். 1987 செப்ரெம்பரில் விடுதலைப் புலிகளின் அரசியற் பிரிவைச் சேர்ந்த திலீபன் ஐந்து கோரிக்கைகளை வைத்து, நீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்து 26ஆம் திகதி உயிர்நீத்தது நல்லூரில்தான். அவ்வளவு பெருந்தொகை மக்கள் நாளாந்தம் வந்து பார்க்கக்கூடிய வேறு இடம் அப்போது இருக்கவில்லை. ஆனால் கோவில் வீதிக்கு ஓர் எல்லை உண்டு. அது ஒரு சமயத்தாருக்கு இயல்பாகவும் மற்றவர்களுக்கு விருந்தாளி வீடாகவும் இருக்கும். நகரத்தின் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் வைக்க முடியாது.

நினைவுத்தூபிகளை மாறி மாறி இடிப்பதும் கட்டுவதும் ஏன்?

கூட்டம் கலைந்துவிடும், தூபி கலைவதில்லை. ஆகவே கூட்டத்தை விடத் தூபிக்கு அதிகமாக அஞ்சுகிறார்கள். முற்றவெளி ஓரத்தில் 1974இல் இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுத்தூண்கள் சேதமாக்கப்பட்டுத் திருத்தப்பட்டவை. பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இயந்திரம் கொண்டு இடிக்கப்பட்டது. செய்தி பரவி அந்த இரவிலேயே மாணவர்கள் வாசலில் திரண்டார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாள் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டு, ஏப்ரலில் புதிய தூபி திறக்கப்பட்டது. இடித்த நேரத்தையும் திரண்ட நேரத்தையும் கவனியுங்கள்: இடித்தது இருட்டில், மறுபடி கட்டக் கேட்டது எல்லோரும் பார்க்கும் வாசலில்.

கூட்டமோ ஊர்வலமோ நடத்துவதற்குச் சட்டத்தில் தடை உண்டா?

அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(ஆ) உறுப்புரையில் ஒவ்வொரு பிரஜைக்கும் அளிக்கப்பட்டுள்ளது. 15ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தின் மூலம் அதற்கு வரையறை விதிக்க இடமளிக்கிறது. ஊர்வலத்தைப் பொறுத்தவரை, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் அறிவிக்கும்படி கேட்கிறது. அறிவித்தல் வேறு, அனுமதி வேறு. ‘பெர்மிஷன் எடுத்தீர்களா’ என்று கேட்டதும் தலைகுனிந்து திரும்பி வந்த இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன்; அவர்கள் அறிவித்தற் கடிதத்தின் பிரதியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள்.

ஒலிபெருக்கிக்கு அனுமதி வேண்டும். அதை மறந்து நல்ல கூட்டங்கள் குழம்பியதுண்டு.

அண்மைக் காலத்தில் அதிகம் பயன்படுவது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு. பொதுத் தொல்லை ஏற்படும் என்று பொலிஸார் முறையிட்டால் நீதவான் அவசரத் தடை உத்தரவு பிறப்பிக்கலாம். 2020 செப்ரெம்பரில் திலீபன் நினைவேந்தலுக்கு இப்படித் தடை வாங்கப்பட்டது. இறந்தவருக்கு விளக்கேற்றுவது எவ்வகையில் தொல்லை என்பதை நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. உத்தரவை நீக்கவோ மாற்றவோ விண்ணப்பிக்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கிளிநொச்சியிலோ பருத்தித்துறையிலோ இருப்பவர் அதற்குக் கொழும்புக்குப் போய்வர வேண்டும் என்பதால் அந்த உரிமை பலருக்குக் கடதாசியிலேயே நின்றுவிடுகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவோரத்தில் இருப்பதால் என்ன கிடைத்தது?

பதில் கிடைக்கவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் அவர்கள் அமர்ந்தார்கள். 2022 ஓகஸ்டில் 2,000 நாட்கள் கடந்தன. பதில் காணாமலே பெற்றோர் பலர் இறந்தும் போனார்கள். நான் அங்கே போன ஒரு பிற்பகலில், கொட்டகைக்குள் வரிசையாகத் தொங்கிய படங்களில் வெயில் படும் பக்கத்துப் படங்கள் மட்டும் நீலம் பாய்ந்து வெளிறியிருந்தன. ஓர் அம்மா தன் மகனின் படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, நிழற்பக்கமாக வேறொரு ஆணியில் மாட்டினார். ‘இவன் நிறம் மாறினால் ஆர் அடையாளம் பிடிக்கிறது?’ என்றார்.

ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில் மே சதுக்கம் என்ற இடம் ஜனாதிபதி மாளிகையின் முன்னால் இருக்கிறது. 1977 ஏப்ரல் 30ஆம் திகதி, இராணுவ ஆட்சியினர் கொண்டுபோன பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார் அங்கே போனார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று பொலிஸார் விரட்டியபோது, அவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தின் நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடந்தார்கள். நிற்கக்கூடாது என்ற தடையே அவர்களின் போராட்ட வடிவமாயிற்று. வெள்ளைத் தலைத்துணியோடு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த நடை தொடர்ந்தது. இராணுவ ஆட்சி 1983இல் முடிவுக்கு வந்தது. பின்னர் படைத்தளபதிகள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். எங்கள் தாய்மாருக்கு அப்படி ஒரு நாள் வருமா என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அவர்கள் வீட்டுக்குள் இருந்து அழுதிருந்தால், இப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதையே மறுத்திருப்பார்கள் என்பதை மட்டும் சொல்வேன்.

முகநூலில் எல்லாம் பேசலாமே; மைதானம் எதற்கு?

செய்தியைப் பரப்ப முகநூல் நல்லது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணிக்கு வழிநெடுகச் சனம் சேர்ந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் திரையில் நாங்கள் சந்திப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள். அந்தப் பேரணியில் முஸ்லிம் ஊர்களின் மக்கள் தெருவுக்கு வந்து, தண்ணீரும் கொடுத்து, கொரோனாவால் இறந்த தங்களவரின் சனாசாக்களை (உடல்களை) எரிக்காதீர்கள் என்ற கோரிக்கையோடு தமிழரோடு சேர்ந்து நடந்தார்கள். 1990இன் பின் அவ்வாறு தோளோடு தோள் நடந்த காட்சி அரிது. அதைத் திரையில் உண்டாக்கியிருக்க முடியாது.

போராட்டங்களால் போக்குவரத்துக்கும் வியாபாரத்துக்கும் இடைஞ்சல் அல்லவா?

இடைஞ்சல்தான். கடைக்காரரின் முறைப்பாட்டை நான் தள்ளிவிடுவதில்லை. வாரம் ஒரு ஹர்த்தால் என்றால் நாட்கூலிக்காரரின் அடுப்புத்தான் முதலில் அணையும். கூடுவதற்கு நல்ல இடம் நகர நடுவில் இருந்தால் வீதியை மறிக்கும் தேவை குறையும் என்பதும் அந்த முறைப்பாட்டுக்குள் இருக்கும் நியாயம்.

முற்றவெளியை அழகுபடுத்திப் பூங்காவாக்கினால் நல்லதுதானே?

நிழல் மரம் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை வேண்டும், இரவில் வெளிச்சம் வேண்டும். பின்னேரம் ஆறு மணிக்குப் பின் அங்கே பெண்களைக் காண்பது அரிதாக இருப்பதற்கு அரசியல் ஆர்வமின்மை காரணம் அல்ல. இந்த நான்கும் இல்லாமைதான். வேலி, நுழைவுச்சீட்டு, காவலாளி, ‘புல்லில் நடக்க வேண்டாம்’ என்ற பலகை ஆகியவற்றோடு வரும் அழகைத்தான் நான் எதிர்க்கிறேன். பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு மைதானத்தை அடைத்துக் கொடுப்பது ஓரிரு நாளுக்குச் சரி. அதுவே வழக்கமாகி, கட்டணம் கட்டுபவர்க்கு மட்டும் வெளி கிடைக்கும் நிலை வந்தால், 2016 செப்ரெம்பரில் நல்லூரிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் நடந்து வந்து ‘எழுக தமிழ்’ பேரணியில் சேர்ந்தவர்களைப் போல இனி வருபவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

இன்னொன்று: வெளியின் நடுவே புதிய கட்டடம் எழுப்ப வேண்டாம். விளிம்பில் உள்ளவை போதும்.

நாங்கள் சிறு குழு. முற்றவெளியில் ஒரு கூட்டம் நடத்த விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

முதலில் நிலம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்று கேட்டு அறியுங்கள்: கோட்டையும் அதன் எல்லையும் தொல்லியல் திணைக்களத்திடம், வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமோ மாகாணத்திடமோ மாநகரசபையிடமோ என்று பல கைகளில் பிரிந்திருப்பதால், ஓர் அலுவலகம் மற்றொன்றைக் காட்டும். மைதானத்துக்கான விண்ணப்பத்தை மாநகரசபையில் எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்வலமும் இருந்தால் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தற் கடிதம். ஒலிபெருக்கிக்குத் தனி விண்ணப்பம். குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் தொடங்குங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

கூட்டம் பின்னேரம் நாலரைக்குத் தொடங்கட்டும். அதற்கு முன் அந்த வெளியில் வெயில் தாங்காது, தூர இடங்களுக்குக் கடைசிப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் ஆறரைக்கு மேல் நிற்கவும் மாட்டார்கள். முதியவர்களுக்குக் கதிரையும், வாசலில் ஒரு குடம் தண்ணீரும் வையுங்கள். பேச்சாளர் பட்டியலை எழுதி முடித்த பின், அதில் பெண் ஒருவரின் பெயரும், சோனகதெருவிலிருந்து ஒருவரின் பெயரும், உங்கள் ஊர்க் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளை ஒருவரின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் துண்டுப்பிரசுரத்தை அச்சுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம்.